மிரட்டி விட்டால் போதுமா? அடிபடும் பெண் கேட்பதும் அவளுக்குக் கிடைப்பதும்

“வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் மிரட்டி விடுங்க மேடம். கேஸெல்லாம் வேண்டாம்.”

மகளிர் காவல் நிலையத்துப் படியேறும் கூலிக்காரப் பெண்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவள், சிவதாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கொலுசு வேலை பார்ப்பவள், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறவள், யார் வந்தாலும் கோரிக்கை மாறுவதில்லை. விவாகரத்தும் ஜெயிலும் அவர்கள் வாயில் வருவதில்லை. இன்று ராத்திரி அடி விழக் கூடாது. கூலியில் பாதியாவது வீட்டுக்கு வர வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இதில் கேலிக்குரியது ஒன்றுமில்லை. இதே கோரிக்கைக்காகத்தான் 2005-இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கிறது. தாலி அறுக்காமல், புருஷனை உள்ளே தள்ளாமல், ‘இனி அடிக்காதே’ என்று நீதிமன்றத்தையே சொல்ல வைக்க அதில் வழி உண்டு. ஆனால் கேட்ட பெண்ணுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிரட்டல் மட்டும்தான். மிரட்டல் இரண்டு வாரம் தாங்கும், அதிகம் போனால் அடுத்த வாரக்கூலி நாள் வரை.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள். நாடு முழுவதும் பார்த்தால், உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவி தேடவுமில்லை, யாரிடமும் வாய் திறக்கவுமில்லை. அம்மாவிடம் போய் அழுததும்கூட இந்தக் கணக்கில் ‘உதவி தேடியது’தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தேடியவர்களிலும் பெரும்பாலோர் நின்றது பிறந்த வீட்டு வாசலில். போலீஸ், வக்கீல், டாக்டர் என்று போனவர்கள் மிகச் சிலர்.

இதை ‘விழிப்புணர்வு இல்லை’ என்று படிப்பது சோம்பேறித்தனம். சுவரொட்டியில் இருக்கும் 181 என்ற பெண்கள் உதவி எண் பலருக்கும் தெரியும். அதை அழுத்துவதற்கு முன் அவள் போடும் கணக்குதான் வெளியே தெரிவதில்லை.

அந்தக் கணக்கு

விசைத்தறியில் பல இடங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வேலைக்குச் சேர்கிறார்கள். தறிக்காரரிடம் அட்வான்ஸ் வாங்குவது கணவன். அது கழிவது இருவர் உழைப்பிலும். குடியிருப்பது தறிக்காரர் கொடுத்த லைன் வீடு. அவள் கிளம்பிவிட்டால் தறி நிற்கும், ‘பாக்கியை யார் கட்டுவா?’ என்ற கேள்வி அவள் அப்பா வீடு வரை போகும். இப்படிப்பட்ட வீடுகளில் சமாதானம் பேச முதலில் வருபவர் தறிக்காரராகவே இருப்பதில் ஆச்சரியமில்லை. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. தறி ஓட வேண்டும் என்பது அவர் கவலை, அடி நிற்க வேண்டும் என்பது அவள் கவலை, இரண்டும் வேறு.

கொலுசு வேலையில் சிக்கல் வேறு மாதிரி. பட்டறையிலிருந்து வெள்ளி எடை போட்டு வீட்டுக்கு வருகிறது. வேலை முடிந்து எடை போட்டுத் திரும்புகிறது. பாதி வேலையில் வீட்டை விட்டு வந்தால், எடைக் குறைவு முழுவதும் அவள் தலையில் விழும். ‘வெள்ளியைத் தூக்கிட்டு ஓடிட்டா’ என்று கணவன் எதிர்மனு கொடுக்க இதைவிட வசதி வேண்டாம். வெளியேற நினைப்பவள் முதலில் செய்ய வேண்டியது, கையில் உள்ள வெள்ளியைப் பட்டறையில் ஒப்படைத்து எடையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது.

அடுத்தது குழுக் கடன். மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அவள் ஊரை விட்டுப் போனாலே மற்றவர்கள் அவளுக்கு எதிராளி ஆகிறார்கள். அடிபட்ட காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவும் அந்தக் குழுவில்தான் இருப்பாள்.

பிறகு அட்டைகள். ரேஷன் கார்டு ஒன்று, அதில் பதிந்த செல்போன் எண் கணவனுடையது, ஓ.டி.பி. அவன் கைக்குத்தான் போகும். அந்தக் கார்டிலிருந்து பெயரை நீக்காமல் தனிக் கார்டு கிடைக்காது. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவது கணவன் வீட்டுத் தெருவுக்கு. அதோடு, எந்த அலுவலகப் படி ஏறினாலும் ஒரு நாள் கூலி போகும். ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தடவை, கோர்ட்டுக்கு இரண்டு தடவை என்று குறைவாக வைத்தாலும் ஆறு நாள் கூலி. அந்த ஆறு நாளும் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி இந்தக் கணக்கில் வரவே இல்லை.

‘அனுசரிச்சுப் போ கண்ணு’

முதலில் தட்டப்படும் கதவு அம்மா வீடு. பத்துப் பதினைந்து நாள் சோறு கிடைக்கும். பிறகு பெரியவர்கள் கூடுவார்கள், மாப்பிள்ளை தலையைக் குனிந்து நிற்பார், அவள் திரும்பிப் போவாள். இரண்டாவது முறை வரும்போது அந்தப் பதினைந்து நாள் ஐந்தாகச் சுருங்கும். கல்யாணமாகாத தங்கை வீட்டில் இருந்தால் இன்னும் குறையும். காதலித்து, அதுவும் சாதி மாறிக் கட்டிக்கொண்டவளுக்கு இந்தக் கதவே கிடையாது. உள்ளூரில் யாரிடமும் போக முடியாமல் நேராக ஸ்டேஷனுக்கு வருபவர்களில் இவர்கள் அதிகம். மிக அபாயமான கட்டத்தில் வருபவர்களும் இவர்களே.

அண்டை வீட்டார் ஒதுங்குவதற்குச் சொல்லும் காரணம், ‘நாளைக்கு அவங்க சேந்துக்குவாங்க, நாமதான் கோர்ட்டுக்கு அலையணும்.’ பாதி உண்மை. ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும், அந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது. 181-க்கு அவர் தன் போனிலிருந்தே பேசலாம். சொல்லப்போனால் அதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் அடிபடும் பெண்ணின் போனை ராத்திரி கணவன் எடுத்துப் பார்ப்பான்.

மலையில் வேறு கணக்கு

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. இது ஊருக்கு வந்து போகிறவர்களின் கணக்கு. சேர்வராயன் மலையின் உள்கிராமத்துப் பெண்ணுக்கு முதலில் ஏற்காடு டவுன், அப்புறம் அடிவாரம், அப்புறம் சேலம். ராத்திரி அடி விழுந்தால் காலையில் முதல் பஸ் வரும் வரை அதே வீட்டில்தான் இருக்க வேண்டும், அல்லது காப்பித் தோட்டத்துக்குள். பள்ளமான இடங்களில் போனில் டவர் இருக்காது.

மலையாளிப் பழங்குடியினரிடையே ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கூடிப் பேசித் தீர்ப்பது இன்றும் வழக்கம். இதைக் கட்டப் பஞ்சாயத்து என்று ஒரே வீச்சில் தள்ளுவது சரியல்ல. பிரிவதும் மறுமணம் செய்வதும் அங்கே சமவெளியில் உள்ள அளவுக்கு அவமானம் இல்லை, ஊர் கூடி அனுமதிக்கும். குறை வேறிடத்தில் இருக்கிறது. அடியைத் தவறு என்று ஒப்புக்கொண்டாலும், ஊர் பேச்சு அபராதத்திலும், மாப்பிள்ளை வீட்டார் தந்த பரிசப் பணக் கணக்கிலும் போய் முடியும். பிள்ளைகள் யாரோடு என்பதில் அவள் சொல் எடுபடாது. எதுவும் தாளில் இருக்காது.

மலையில் வக்கீல் வைக்கிறவர்களும் தவறுவது ஓர் இடத்தில். இந்து திருமணச் சட்டம் அதன் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழியப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஆகவே அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட மனு தள்ளுபடியாகி, ‘உனக்குச் சட்டத்திலே இடமில்லை’ என்ற பேச்சாக மலைக்குத் திரும்பி வரும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்தத் தடை கிடையாது. மதம், இனம் பார்ப்பதில்லை, திருமணப் பதிவுச் சான்று கேட்பதில்லை. திருமணத்தைப் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலும் போதும். மனுவை அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் போடலாம். காப்பி அறுவடை முடிந்து வெளியூர் எஸ்டேட்டுக்குப் போன இடத்தில் அடிபட்டவளுக்கு இது பெரிய விஷயம்.

ஸ்டேஷனில் என்ன நடக்கிறது

மனு கொடுத்ததும் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. பலர் இதைத்தான் ‘கேஸ் போட்டாச்சு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது மனு வந்ததற்கான அத்தாட்சிதான், எஃப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆர். போட்டபின் இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ‘இனிமேல் குடித்துவிட்டு அடிக்க மாட்டேன்’ என்று கணவனிடம் எழுதி வாங்குவார்கள். அவளிடம் ‘மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதி வாங்குவார்கள். மனு முடிந்தது. அவன் எழுதிக் கொடுத்ததை மறுநாளே மீறினாலும், மீறியதற்கென்று தனித் தண்டனை எதுவும் கிடையாது. அவள் எழுதிக் கொடுத்ததோ அடுத்த முறை வரும்போது அவளுக்கு எதிராகவே எடுக்கப்படும்: ‘நீதானேம்மா வேண்டாம்னு எழுதிக் கொடுத்தே?’

மனுவே பாதிக் கோளாறு. வாசலில் பெட்டிஷன் எழுதுபவர் வழக்கமாக எழுதும் வரி: ‘தினமும் குடித்துவிட்டு வந்து தகராறு செய்கிறார், தகுந்த நடவடிக்கை எடுக்கவும்.’ தேதி இல்லை, காயம் இல்லை. சில நேரம் ‘அப்போதான் நிக்கும்’ என்று நடக்காத வரதட்சணைக் கதை ஒன்றும் சேரும். அது தேவையே இல்லை. மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய பழைய 498-ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகிய பிரிவுகளாக இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ கேடு வரும்படி நடத்துவதே அதில் கொடுமைதான், வரதட்சணை கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. சேர்த்த பொய் குறுக்கு விசாரணையில் உடைந்தால், உண்மையான அடியும் சேர்ந்து உடையும்.

நல்ல மனு கடைசிச் சம்பவத்தில் தொடங்கும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த அறையில், எதை வைத்து, உடம்பில் எங்கே, பிள்ளைகள் பார்த்தார்களா, சத்தம் கேட்டு வந்தது யார். பிறகு பழைய சம்பவங்களில் நினைவில் தெளிவாக நிற்கும் இரண்டு மூன்று. கடைசியில் கேட்பது: ‘குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வேண்டும், என் மனுவைப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புங்கள்.’ இந்த ஒரு வரி போதும். இப்படி ஒரு வழி இருப்பதைப் பெண்ணிடம் எடுத்துச் சொல்வது, 5-ஆவது பிரிவின்படி, காவல் அதிகாரியின் கடமையே.

‘கழுத்தைப் புடிச்சாரு, அப்புறம் விட்டுட்டாரு’ என்று பெண்கள் போகிறபோக்கில் சொல்வதை யாரும் போகிறபோக்கில் கேட்கக் கூடாது. கழுத்தை நெரித்த கணவனால் அந்தப் பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு கூடுவதாக 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வெளியே தடமே தெரியாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், அந்த நேரத்தில் தன்னை மறந்து சிறுநீர் போனது, இவற்றில் ஒன்றிருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றைக்குச் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

ஏ.ஆர். காப்பியில் ஒரு வரி

ஆஸ்பத்திரி என்றதும் பெண்கள் சொல்வது, ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.’ கணவன் பக்கத்திலேயே நிற்பான், வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) அந்த வார்த்தைதான் ஏறும். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்த ஏ.ஆர். காப்பியை நீட்டுவது எதிர்த்தரப்பு வக்கீலாக இருப்பார். ‘கணவர், வீட்டில், இரவு 9 மணிக்கு, கட்டையால்’ என்ற நான்கு சொற்களும் பதிவேட்டில் இருந்தால் அதே தாள் அவள் பக்கம் பேசும். செவிலியர் ‘ஊசி போடணும், ஆம்பளைங்க வெளிய நில்லுங்க’ என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. வெறும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் பதிவே இல்லை. ‘போலீஸ் கேஸ்’ என்று சிகிச்சை தர மறுப்பதற்கும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இடமில்லை.

காயத்தைப் போட்டோ எடுப்பவர்கள் அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பிவிட்டு, தன் போனில் அழித்துவிடுவது நல்லது. படம் யாருக்குப் போனதோ அவர் அழிக்கக் கூடாது, அந்தப் போனையும் விற்றுவிடக் கூடாது. நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

பாதுகாப்பு அலுவலர்

சேலத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில்தான் இவரைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்ட வரிசையில் மனுவோடு நிற்கும் பெண்கள் பலருக்கும், தாங்கள் தேடி வந்தவர் அதே வளாகத்தில் இருப்பது தெரியாது. அவர் நிரப்புவது படிவம் 1, அதாவது குடும்பச் சம்பவ அறிக்கை. பேச்சு வழக்கில் டி.ஐ.ஆர். உடல், பாலியல், சொல், பணம் என்று நான்கு வகை வன்முறைக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. கூலியைப் பிடுங்கிக்கொள்வதும், நகையை விற்றுக் குடிப்பதும் பண வன்முறையில் சேரும். பல பெண்கள் இதைச் சொல்வதே இல்லை, கேட்டால்தான் வரும். அறிக்கை நீதித்துறை நடுவருக்குப் போகும், ஒரு நகல் காவல் நிலையத்துக்கும் போகும். வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. வேண்டுமென்றால், பெண் என்ற ஒரே தகுதியில் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் வர வேண்டும். நடப்பு அப்படி இல்லை. 2011 கணக்கெடுப்பில் 34.8 லட்சம் பேர் கொண்ட மாவட்டத்தில் அறிக்கை எழுதுவதும் சம்மன் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பாதுகாப்பு அலுவலர் என்ற அந்த ஒற்றை நாற்காலியின் வேலை. கணவன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் சம்மன் திரும்பி வரும், வாய்தா தள்ளும். ஆகவே மனுவில் வீட்டு முகவரி மட்டும் போதாது. தறிக்காரர் பெயர், பட்டறை இருக்கும் தெரு, மேஸ்திரியின் போன் எண் எல்லாம் வேண்டும்.

அதைவிட முக்கியம் இடைக்கால உத்தரவு. 23-ஆவது பிரிவில், அவளுடைய பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்தே, எதிர்த்தரப்பு வராமலேயே நடுவர் உத்தரவு போடலாம். மனுவில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்ட மனுக்கள்தான் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. அதே மனுவில் வீட்டையும் கேட்கலாம். வாடகை வீடும் ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’தான், அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். மாமனார் பெயரில் உள்ள வீடும் இதில் அடங்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தறிக்காரரின் லைன் வீட்டில் இது அவ்வளவு சுலபமில்லை, வேலை போனால் இருவருக்குமே வீடு போகும். அங்கே வேறு வீட்டுக்கு வாடகை கேட்பதே நடக்கிற காரியம்.

பணத்துக்கு 20(6) பிரிவு கூலிக்காரக் குடும்பத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். கணவன் ஜீவனாம்சம் தராவிட்டால், அவனுக்குக் கூலி தருபவரே ஒரு பகுதியை நேராக அவளிடம் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லலாம். ஆனால் கூலி எவ்வளவு என்று காட்டத் தாள் வேண்டும். வாரக்கூலி எழுதும் சின்ன நோட்டின் பக்கங்களை முன்கூட்டியே படம் பிடித்து வைப்பவள் பிழைத்துக்கொள்வாள்.

அன்றைக்கே போக்கிடம் வேண்டும் என்றால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்று ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. அங்கே தங்கல் 5 நாள் வரை. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய ஆண் பிள்ளை அம்மாவோடு தங்க முடியாது. பதினாலு வயது மகன் இருப்பவள் ‘நான் வரல மேடம்’ என்று சொல்லிவிட்டுப் பழைய வீட்டுக்கே போவது பிடிவாதத்தால் அல்ல. அவளைப் போகச் சொல்லிவிட்டுப் பையனை மட்டும் அந்த வீட்டில் விட முடியுமா?

உத்தரவு வந்தபின் அதன் நகலைக் கட்டணமில்லாமல் தர வேண்டும்; காவல் நிலையத்துக்கும் ஒன்று போக வேண்டும். போயிருக்கிறதா என்று அவளே ஒரு தடவை ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு நகல் அம்மா வீட்டில், ஒன்றின் படம் போனில். உத்தரவை மீறுவது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 112-க்குப் பேசும்போது ‘வீட்டுக்காரர் அடிக்கிறார்’ என்று மட்டும் சொன்னால், ரோந்து வண்டி மிரட்டி விடத்தான் வரும். சொல்ல வேண்டியது: “கோர்ட் ஆர்டர் இருக்குதுங்க, அதை மீறி அடிக்கிறாரு. நகல் உங்க ஸ்டேஷன்லயே இருக்கு.”